வல்லவர்களுக்கு ஒரு வாழ்த்து

கையாலாகாதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒருவனால் ஒரு காரியம் முடியவில்லை என்றால் அவனிடம் போய் நின்று என்ன கேட்பது? கடலூர் மாவட்டத்தின் மண்ணையும் தண்ணீரையும் கையில் வைத்திருக்கும் பெரியவர்களே, நீங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை. சுரங்கம் வெட்டுகிறவர்கள், ஆலை நடத்துகிறவர்கள், அவற்றுக்கு அனுமதி எழுதுகிறவர்கள், அணையின் மதகைத் திறக்கிறவர்கள் என்று உங்களில் பல பேர். மனம் வைத்தால் உங்களால் ஆகாதது ஒன்றும் இல்லை. எழுபது ஆண்டுகளாக இந்த மாவட்டம் அதைக் கண்ணால் கண்டிருக்கிறது. அதை மனதார ஒப்புக்கொண்டுதான் இந்த வாழ்த்தை எழுதுகிறேன்.

நான் மேல்பட்டாம்பாக்கத்துக்காரன். வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், நடுவில் கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் விளையும் ஊர். இங்கே வெட்டும் கரும்பு பக்கத்து நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகிறது. 1840-களில் தொடங்கிய ஆலை அது. மீன் கிழக்கே கடலூர் துறைமுகத்திலிருந்து வருகிறது. நாங்கள் கடற்கரை ஊர் இல்லை. ஆனாலும் கடலில் காற்று மாறினால் எங்கள் வீட்டுக் குழம்பில் தெரிந்துவிடும். வயலுக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருப்பதால் இரண்டு பக்கத்துச் சேதியும் எங்கள் காதுக்கு வந்து சேர்கிறது. இரண்டு பக்கத்திலும் உங்கள் கைவண்ணத்தைப் பார்க்கிறோம்.

நெய்வேலியிலிருந்து தொடங்குகிறேன், உங்கள் பெருமையின் தொடக்கமும் அதுதான். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு வெட்டும்போது கறுப்பாக ஒரு பொருள் வந்தது. 1956-இல் அதற்காக ஒரு நிறுவனம் உண்டானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். இந்த நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்று சொன்னபோது சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் வீட்டையும் கொல்லையையும் விட்டுக் கிளம்பினார்கள். தென்னாட்டில் எத்தனையோ மாநிலங்களில் எரியும் விளக்குக்கு அந்த ஊர்களின் மண் எண்ணெயாக இருக்கிறது. இதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்தச் சுரங்கத்தில் உங்கள் பொறியாளர்கள் செய்து காட்டியதை உலகமே வியக்கலாம். பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே பீறிட்டு உடைந்துவிடும். ஆகவே ராப்பகலாக, கோடை மழை பாராமல், பம்புகள் இறைக்கின்றன. பூமிக்கு அடியில் இருக்கும் ஆற்றை அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தலைதூக்க விடாமல் வைத்திருக்கிறீர்கள். மோட்டாரே இல்லாமல் குழாயில் தண்ணீர் பொங்கி வழிந்த கிணறுகள் அந்தப் பக்கத்தில் இருந்தன. பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். இப்போது அங்கே போர் போடுகிறவன் ஒவ்வொரு தடவையும் அப்பனைவிட ஆழமாகப் போடுகிறான். அதற்கு வாங்கிய கடன் அவனுடையது. பாதாளத்துத் தண்ணீரை அடக்கத் தெரிந்தவர்கள், மேலே நாலு ஏக்கர் வைத்திருப்பவனின் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடிக்குப் போகிறது என்று தெரியாமலா இருப்பீர்கள்? தெரியும். உங்கள் அளவைகள் துல்லியமானவை.

ஆறு உங்கள் வழியில் வந்தால் ஆற்றைத் திருப்பவும் தெரியும். பரவனாறு பெரிய ஆறு இல்லை. நெய்வேலிப் பக்கத்திலிருந்து இறங்கி, வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் தண்ணீர் கொடுத்து, கீழே உப்பனாறாக மாறி, கடலூர் முதுநகரில் கடலைத் தொடுகிறது. மேலே உழவனுக்கும் கீழே செம்படவனுக்கும் ஒரே ஆறு. இரண்டாம் சுரங்கம் விரிந்து வரும்போது இந்த ஆறு குறுக்கே வந்தது. அதை அப்படியே வேறு பக்கம் கொண்டுபோக 12 கிலோமீட்டர் கால்வாய் என்று திட்டம் போட்டீர்கள். அதில் ஒன்றரை கிலோமீட்டர்தான் பாக்கி. அந்த ஒன்றரை கிலோமீட்டரில்தான் வளையமாதேவி ஊரின் வயல்கள் இருந்தன.

2023 ஜூலை 26. அந்த நாளில் நீங்கள் காட்டிய ஒழுங்கை நான் எந்த நாளிலும் மறக்கமாட்டேன். நூற்றுக்கணக்கில் போலீஸ், வரிசையாகப் பொக்லைன்கள், ஒரு இடத்தில் தொடங்கி ஒரே கோட்டில் போன வேலை. நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் பார்த்தது. பச்சை நெல். தூர் கட்டி, வரப்புக்கு வரப்பு சமமாக நின்ற பயிர். பொக்லைனின் கை இறங்கும்போது பயிர் வெட்டுப்படவில்லை, மண்ணோடு சுருண்டு எழுந்தது. வேர் மேலேயும் தாள் கீழேயுமாகப் புரட்டிப் போட்ட அந்த மண் கட்டிகளில் நெல் இன்னும் பச்சையாகவே நீட்டிக்கொண்டிருந்தது. அது வாடுவதற்கு ஒரு பகல் முழுதாக ஆகியிருக்கும். நடவு நட்ட பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள். நடவு என்பது குனிந்த முதுகு நிமிராமல் ஒரு நாள். களை எடுப்பது இன்னும் சில நாள். யூரியாவுக்கும் மருந்துக்கும் கடையில் எழுதிவைத்த பாக்கி வேறு. இவ்வளவும் ஒரு காலை நேரத்து வேலைக்குள் முடிந்தது.

உங்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்துக்கொண்டீர்கள், பணம் கொடுத்தீர்கள், இனிமேல் பயிர் வைக்காதீர்கள் என்று முந்தைய ஆண்டே சொல்லிவிட்டீர்கள். பருவமழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகும், மின்சாரம் நிற்கும் என்றீர்கள். காகிதத்தில் ஒரு ஓட்டையும் கிடையாது. எடுத்த நிலத்தைப் பத்தாண்டுக் காலம் தொடாமல் வைத்திருக்கும் பொறுமை உங்களுக்கு இருந்தது என்பதை நான் குறித்துக்கொள்கிறேன். நிலம் கண் முன்னே சும்மா கிடக்கும்போது அதில் விதைக்காமல் இருக்கும் பொறுமை மட்டும் உழவனுக்கு வராது. தலைமுறையாக அவன் கற்றுக்கொண்டது வேறு.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி தண்டபாணி இந்த வழக்கை விசாரித்தபோது, அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரை நினைவுகூர்ந்தார். அந்த வள்ளலார் வேறு எங்கோ பிறந்தவர் அல்லர். 1823-இல் சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்தவர். 1867-இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டியவர். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது. வடலூருக்கும் நெய்வேலிச் சுரங்கத்துக்கும் இடையில் பெரிய தூரம் கிடையாது; உங்கள் பஸ்கள் தினமும் அந்த வழியே போகின்றன. நீதிமன்றம் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நெல்லுக்கு விலை வைக்கத் தெரிந்த நாடு இது. பொறுத்திருக்க வேண்டிய இரண்டு மாதத்துக்கு எந்தக் கணக்கில் விலை போடுவது?

சட்டம் இயற்றுவதிலும் உங்களைச் சொல்ல வேண்டும். 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலம் என்று அறிவித்தீர்கள். எங்கள் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி என்று ஐந்து ஒன்றியங்களுக்கு அந்தக் காவல் கிடைத்தது. நல்ல சட்டம். புதிதாக யாரும் வந்து எண்ணெயோ எரிவாயுவோ எடுக்க முடியாது. 2023-இல் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே நிலக்கரிக்கு ஏலம் விடப் பார்த்தபோது ஊரே எழுந்தது, சட்டமன்றம் எழுந்தது, அந்த இடம் ஏலப் பட்டியலில் இருந்து நீங்கியது. அந்த நாளில் நான் உங்களை வாயாரப் புகழ்ந்தேன், இப்போதும் புகழ்கிறேன். தடுக்க வேண்டும் என்று நினைத்தால் தடுக்கத் தெரிகிறது உங்களுக்கு. சட்டம் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்த வேலைகளில் மட்டும் அந்தச் சட்டம் கை வைக்காது என்று எழுதிவைத்தீர்கள். முன்னால் வந்தவர்களுக்கு மரியாதை கொடுப்பது நல்ல பழக்கம்தான். நெல் எப்போது வந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

வாலாஜா ஏரியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றி கெட்டவன் ஆவேன். சுரங்கத்துத் தண்ணீரோடு வந்த மண்ணும் சாம்பலும் படிந்து, ஏரி இருந்த இடமே தெரியாமல் மேடாகிப் போயிருந்தது. பிறகு மாவட்ட நிர்வாகமும் நெய்வேலியும் சேர்ந்து, அதே இயந்திரங்களைக் கொண்டுவந்து, தூர்வாரி, ஏரியை ஏரியாக்கினீர்கள். தண்ணீர் நின்றது, பறவை வந்தது, ஆயக்கட்டுக்காரன் சிரித்தான். ஒரு தலைமுறையாகத் தூர்ந்து கிடந்ததை அவ்வளவு சீக்கிரம் மீட்கலாம் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது. நீங்கள்தான் செய்து காட்டினீர்கள். அதற்குக் கீழே பெருமாள் ஏரி இருக்கிறது, ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம். அதன் வெள்ளத்தை நேராகக் கடலுக்கு வடிக்க அருவாமூக்கு என்ற திட்டத்தைக் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து உழவர்கள் தலைமுறைக் கணக்கில் கேட்டார்கள். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியபோதும் அது கோரிக்கையாகத்தான் இருந்தது. சுரங்கத்துக்காக ஆறு திரும்பியது; ஊருக்காக வடிய வேண்டிய ஆறு காத்திருந்தது.

இனி ஆற்றின் கீழ்ப்பக்கம் போவோம்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அம்மா ஒருத்தி உண்டு. துறைமுகத்தில் விடியும் முன்னே ஏலம் எடுத்து, அலுமினியச் சட்டியில் ஐஸ் போட்டு, பஸ் ஏறி வருவாள். சங்கரா, கிழங்கான், நெத்திலி, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். சட்டியை இறக்கியதும் யாரும் கேட்பதற்கு முன்பே அவள் சொல்லும் முதல் பேச்சு, "ஆத்து மீனு இல்லண்ணே, கடலு மீனு. மோந்து பாரு" என்பது. ஒரு மடவையை எடுத்துச் செவுளைப் பிரித்து மூக்குக்கு நேராக நீட்டுவாள். செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது பழைய வழக்கம். மருந்து வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்ப்பது உங்கள் காலத்து வழக்கம். அவளுடைய தாயார் இதே மடவையை "ஆத்து மீனு" என்று சொல்லி அதிக விலைக்கு விற்றவள். உப்பனாற்று மடவைக்கும் இறாலுக்கும் அப்படி ஒரு பெயர் இருந்தது.

1980-களில் கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம், சொன்னஞ்சாவடி, பச்சையாங்குப்பம், செம்மங்குப்பம். ஒரு பக்கம் சவுக்கும் நெல்லும் காய்கறியும், இன்னொரு பக்கம் ஆறு. காலையில் வயல், மாலையில் வலை என்று ஒரே வீட்டில் இரண்டு தொழிலும் நடந்த ஊர்கள் இவற்றில் உண்டு. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, பிளாஸ்டிக் மூலப்பொருள் என்று உலகத்துக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கரையில் இன்று தயாராகிறது. வேலை கொடுத்தீர்கள், சாலை போட்டீர்கள், மறுக்கவில்லை. அங்கே உள்ள ஜனங்களுக்கு வாசனை பிரித்தறியும் கல்வியும் கிடைத்தது. அழுகிய முட்டை வாடை, நகப்பூச்சு வாடை, பிணவாடை என்று வாடைக்கு வாடை எந்தப் பக்கத்துக் காற்றில் எது வரும் என்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளை சொல்லும். தண்ணீரில் இறங்கி வலை போடுகிறவர்களுக்குக் காலில் அரிப்பு. பிச்சாவரத்தில் இருளர் ஜனங்கள் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அப்படி உடம்பு முழுக்க ஆற்றை நம்பிச் செய்யும் தொழில் இது. அந்த மாதிரி இன்று உப்பனாற்றில் இறங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லும் அதிகாரி ஒருவர் வந்தால், அவரை ஊர் கூடி மாலை போட்டு அழைத்துப்போகும்.

ஆராய்ச்சியை நீங்கள் தடுத்ததில்லை, இது உங்களுக்கே உரிய பெருந்தன்மை. 2003-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கனகராஜ், இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் சார்பில் சிப்காட் ஊர்களின் நிலையை விசாரித்து அறிக்கை கொடுத்தார். அடுத்த ஆண்டு ஊர் ஜனங்களே ஒரு பிளாஸ்டிக் வாளியும் அதற்குள் ஒரு பையும் ஒரு சின்ன பம்பும் வைத்துக் காற்றைப் பிடித்தார்கள். வாடை வரும் நேரத்தில், ராத்திரியானாலும், வாளியோடு ஓடிப்போய்க் காற்றை இழுத்துப் பைக்குள் அடைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். நாள், நேரம், காற்றின் திசை, வாடையின் பெயர் எல்லாம் நோட்டில் எழுதினார்கள். அந்த வாளிகளில் இருபதுக்கு மேற்பட்ட ரசாயனங்கள் அகப்பட்டன, புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் சேர்த்தி. 2007-இல் உங்களுடைய நீரி நிறுவனமே ஆராய்ந்து, அந்த வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்கு வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது இரண்டாயிரம் மடங்கு அதிகம் என்று எழுதியது. அரசின் விஞ்ஞானிகள் அரசுக்கே எழுதிய வரி அது. அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுக்க 88 தொழிற்பேட்டைகளை அளந்து, மோசமாகக் கெட்டுப்போன 43 இடங்களில் ஒன்றாகக் கடலூரைச் சேர்த்தது. மதிப்பெண் 77.45. 2010 ஜனவரியில் இப்படிப்பட்ட இடங்களில் புதிய ஆலைகளுக்கு அனுமதி கிடையாது என்று ஒரு தடை வந்தது. பாருங்கள், ஒரே உத்தரவில் நிறுத்த முடிந்தது. பிறகு அந்தத் தடையை எடுத்ததும் நீங்கள்தான். போடவும் எடுக்கவும் உங்களுக்கே தெரியும்.

2021 மே மாதம் அங்கே ஒரு பூச்சிக்கொல்லி ஆலை விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு ஆலையின் கழிவுநீர்த் தொட்டி அதிகாலையில் வெடித்து, அந்தத் தண்ணீர் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீட்டுக்குள் போனது. ஆம்புலன்ஸ் வந்தது, அமைச்சர் வந்தார், விசாரணை வந்தது. எல்லாம் நேரத்துக்கு வந்தன, தொட்டியைச் சோதிக்க வேண்டியவரைத் தவிர.

கடலையும் நீங்கள் விட்டுவைக்கவில்லை. ஆற்றில் கலக்கக் கூடாது என்று ஜனங்கள் சொன்னதைக் கேட்டு, ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து ஒரே குழாயில் சேர்த்துக் கடலுக்குள் கொண்டுபோய் விடும் ஏற்பாடு செய்தீர்கள். அந்தக் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்று கரையில் நின்றால் தெரியாது. படகுக்காரனுக்குத் தெரியும், அங்கே வலை போடக் கூடாது என்று. 2004 சுனாமியில் இந்த மாவட்டம் அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொடுத்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு என்று ஒவ்வொரு குப்பத்திலும் அழுகை. அதற்குப் பிறகு உதவி குவிந்தது. கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. இருந்த கட்டுமரங்களைவிட வந்த படகுகள் அதிகம். கரை வரை படகைக் கொடுத்தீர்கள். கடலில் மீனின் கணக்கை யார் பார்ப்பது? பின்னால் சுருக்குமடி வலை வந்தது, வைத்திருப்பவன் ஒரே இழுப்பில் மத்தியையும் கானாங்கெளுத்தியையும் டன் கணக்கில் அள்ளினான், செவுள் வலைக்காரன் வெறும் வலையோடு திரும்பினான். குப்பத்துக்குக் குப்பம் பகை, ரத்தம். இதில் மீனவர்கள் பக்கத்திலும் தப்பு உண்டு. அதை அவர்கள் ஊர்ப் பஞ்சாயத்திலேயே பேசுகிறார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் திங்களும் வியாழனும் காலை 8 முதல் மாலை 6 வரை என்று ஒரு வழி சொன்னது. மீனுக்கும் கிழமை பார்த்து வரச் சொல்ல ஆள் இல்லை.

எங்கள் தென்பெண்ணைக்கு வருகிறேன். பண்ருட்டிப் பக்கத்து எனதிரிமங்கலத்துக்கும் விழுப்புரம் பக்கத்துத் தளவானூருக்கும் நடுவில் 25 கோடி ரூபாய்க்கு ஒரு தடுப்பணை கட்டினீர்கள். 2020-இல் திறந்தது. 2021 ஜனவரியில் ஒரு பக்கம் போனது, அதே ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் மறுபக்கம் போனது. அது வேறு துறை, இது வேறு துறை என்று சொல்வீர்கள். சரிதான். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. பூமிக்கடியில் பொங்கும் தண்ணீரை அறுபது ஆண்டு நிறுத்திவைத்த கைகள் இருக்கும் அதே மாவட்டத்தில், உழவனுக்காகக் கட்டிய சுவர் இரண்டு பருவமழை தாங்கவில்லை. உங்கள் திறமை யாருக்காக வேலை செய்கிறது என்பதைத் தண்ணீர் மாதிரி நேர்மையாகச் சொல்லும் சாட்சி வேறு இல்லை.

2024 டிசம்பர் 2 அதிகாலை, ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு, தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டீர்கள். ஐந்து தடவை எச்சரிக்கை விட்டோம் என்றீர்கள். நம்புகிறேன். அந்த நேரத்தில் ஆற்றோரத்து மோட்டார் கொட்டகையில் ஆடு மாட்டுக்குக் காவல் படுத்திருப்பவனிடம் அந்த ஐந்தில் எத்தனை போய்ச் சேர்ந்தது என்பதையும் ஒரு அறிக்கையில் எழுதுங்கள், அதையும் நம்புவேன். வெள்ளம் வடிந்ததும் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய் அறிவித்தீர்கள். நெல்லுக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய்; ஏக்கருக்குப் போட்டுப் பார்த்தால் ஏழாயிரத்துக்கும் குறைவு. ஒரு ஏக்கர் நடவு நட என்ன ஆகிறது என்று வேளாண் துறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மணல் மூடிய வயலில் மணலை அள்ளிக் கொட்டவே அது காணாது.

வீராணம் ஏரித் தண்ணீரை 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோகிறவர்கள் நீங்கள். அந்தக் குழாய் எங்கள் மாவட்டத்தின் வயல்களையும் தோப்புகளையும் தாண்டித்தான் போகிறது. ஒரு நாள் அந்தத் தண்ணீர் நின்றால் ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்கிறீர்கள். ஆகவே நான் கேட்கப்போவது உங்களுக்குச் சின்ன வேலை.

அடுத்த முறை எந்த நிலத்துக்குள் இயந்திரம் இறங்குவதாக இருந்தாலும், அந்த வருஷத்துப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாள் குறியுங்கள். அறுத்து, கட்டு கட்டி, களத்துக்குப் போன பிறகு வாருங்கள். சாத்தனூருக்கு மேலே மழை கனக்கும்போது ஒரேயடியாகத் திறக்காமல் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கவும், சேதியைக் கலெக்டர் ஆபீசோடு நிறுத்தாமல் கரையோரக் கொட்டகை வரை கொண்டுசேர்க்கவும் ஆள் போடுங்கள். உப்பனாற்றுத் தண்ணீரையும் சேற்றையும் மாதம் ஒரு தடவை, முன்கூட்டிச் சொல்லாமல், வாளி பிடித்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்துச் சோதியுங்கள். முடிவைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, குடிகாட்டிலும் சொன்னஞ்சாவடியிலும் துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் இடத்திலும் ஒட்டுங்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் பெண்கள் அதைப் படித்துவிட்டு ஏறட்டும்.